புது ஊரில் பிள்ளை தனித்துப் போனால்: ஜோகன்னஸ்பர்க் வந்து சேரும் பெற்றோருக்கு

சென்னை, கோவை, மதுரையிலிருந்து வேலை மாறி ஜோகன்னஸ்பர்க், மிட்ராண்ட், பிரிட்டோரியா பக்கம் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு முதல் மாதம் ஓட்டத்திலேயே போய்விடும். வாடகை வீடு, வங்கிக் கணக்கு, கார், பள்ளியில் இடம் என்று அலைச்சல் முடிந்து மூச்சுவிடும்போதுதான் பிள்ளையின் முகம் கண்ணில் படும். "அங்கே இவன் இப்படி இல்லையே" என்று அப்போதுதான் தோன்றும்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் எந்தத் தலைப்பாக இருந்தாலும் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் குணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் வீட்டு ஏற்பாட்டைச் சோதியுங்கள். கூச்ச சுபாவம், யாரோடும் ஒட்ட மாட்டாள் என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளைகளில் பலர் ஆறு மாதத்துக்கு முன்பு தெருவையே கலக்கியவர்கள். இந்த ஊரில் பிள்ளைகள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள இடம் கிடையாது. பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மதியம் வந்தால் டேப்லெட்தான், விளையாட ஆளே இல்லை

இங்கே பள்ளி சீக்கிரம் தொடங்கி இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு நீளமான மதியம். நம் ஊரில் அந்த நேரத்தை மாடிப்படியும் தெருமுனையும் டியூஷன் வாசலும் பார்த்துக்கொள்ளும். இங்கே உயரமான மதில், அதன்மேல் மின்கம்பி, ரிமோட்டில் திறக்கும் கேட். எல்லாப் பிள்ளைகளும் காரில் போய்க் காரில் வருகிறார்கள். இரண்டு வீடு தள்ளி அதே வயதுப் பிள்ளை இருந்தாலும் வருஷம் முழுக்கப் பார்க்காமலே போகலாம்.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: போன வாரம், பள்ளி நேரம் போக, உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு நேருக்கு நேர் எவ்வளவு நேரம் இருந்தான்? விடை பூஜ்யம் என்றால் டேப்லெட்டைப் பிடுங்குவதால் பயனில்லை. அதைப் பிடுங்கினால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்த ஊரில் விளையாட்டுத் தோழமையைப் பெரியவர்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நாமாகப் போய் எப்படிக் கேட்பது, வலியப் போவது மாதிரி இருக்குமே என்று தயங்கவேண்டாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முதலில் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: என் பெண் யார் பக்கத்தில் உட்காருகிறாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? டீச்சருக்கு அது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மா எண்ணை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எடுத்து ஒரு செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் யார் இருப்பார்கள், நாய் இருக்கிறதா, நீச்சல்குளம் இருந்தால் வேலி போட்டிருக்கிறதா, பிள்ளைக்கு ஒவ்வாத உணவு ஏதும் உண்டா என்பதையும் நீங்களே எழுதிவிட்டால் எதிர்த்தரப்புக்கு நிம்மதி. அழைத்துச் செல்ல வருகிறவர் உள்ளே வந்து டீ குடித்தாலும் சரி, கேட்டிலிருந்தே கையசைத்துவிட்டுப் போனாலும் சரி, இரண்டும் இங்கே சகஜம். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். மூன்று பேர் வந்தால் இருவர் சேர்ந்துகொண்டு நம் பிள்ளை தன் வீட்டிலேயே தனியாகிவிடுவான். சும்மா "போய் விளையாடுங்க" என்று அறைக்குள் அனுப்பாமல் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சப்பாத்தி மாவு, தோட்டத்து ஹோஸ் பைப், குட்டி குட்டியாகத் தோசை ஊற்றுவது. மொழி திக்கினாலும் கை ஓடும். அடுத்த முறையும் அதே பிள்ளையைக் கூப்பிடுங்கள். புதுப்புது ஆட்களைத் தேடுவது பெரியவர்களின் ஆசை. பிள்ளைக்குப் பழகிய ஒரு முகம் வேண்டும்.

பிறந்தநாள் அழைப்பு வந்தால் விடாதீர்கள். அதில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கும், வருகிறோமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும், பெயர் குறித்த பிள்ளைக்கு மட்டும்தான் அழைப்பு. மூன்று மணி விருந்துக்கு ஆறு மணிக்குத் தம்பி, பாட்டி சகிதம் போய் நிற்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது. முன்பின் தெரியாத வீடு என்று பயமாக இருந்தால் நீங்களும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள், சரி என்பார்கள்.

அப்புறம் நீச்சல். அக்டோபரில் வெயில் தொடங்கியதும் பாதி விருந்துகள் நீச்சல்குளத்தோரம்தான். நீந்தத் தெரியாத பிள்ளை உடுப்போடு ஓரமாக உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வந்த கையோடு அபாகஸ், பரதம், இந்தி என்று சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு வகுப்புதான் முடியும் என்றால் அது நீச்சலாக இருக்கட்டும். தோழமை ஒருபுறம் இருக்கட்டும், வீட்டுக்கு வீடு குளம் இருக்கும் ஊரில் அது உயிர்க்காப்பு. வாடகை வீட்டில் குளம் இருந்தால் வேலியோ வலையோ இல்லாமல் குடிபோகாதீர்கள்.

காம்ப்ளெக்ஸில், அதாவது ஒரே மதிலுக்குள் பல வீடுகள் இருக்கும் குடியிருப்பில் இருந்தால், உள்ளே புல்வெளியோ ஊஞ்சலோ இருக்கும். தினமும் ஒரே நேரத்துக்கு, உதாரணமாக நாலரைக்கு, பந்தோடு போங்கள். நீங்களும் போய்ச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். முதல் சில நாள் யாரும் இருக்க மாட்டார்கள். நேரம் மாறாமல் போய்க்கொண்டிருந்தால் ஜன்னல் வழியே பார்த்த பிள்ளைகள் இறங்கி வரும்.

பள்ளியில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர்

இதைக் கேட்டதும் வீட்டிலும் இங்கிலீஷ் பேசலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். வேண்டாம். நாள் முழுக்கத் தடுமாறிவிட்டு வரும் பிள்ளைக்குத் தடுமாறாமல் பேச ஓர் இடம் தேவை, அது வீடு. தாய்மொழி பலமாக இருந்தால் இரண்டாவது மொழிக்கு அது துணைதான் செய்யும்.

புது மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் சில வாரம், சிலர் சில மாதம்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கமான கட்டம். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் முதல் மாணவியாக இருந்த பெண்ணும் இதில் விழுவாள். ஏனென்றால் இங்கத்திய உச்சரிப்பும் வேகமும் விளையாட்டு மைதானப் பேச்சும் வேறு. பாடப்புத்தக இங்கிலீஷ் இடைவேளையில் கைகொடுக்காது. அதனால் இலக்கணத்தை விட்டுவிட்டு ஆயத்த வாக்கியங்கள் நாலைந்தை வீட்டில் நடித்துப் பழக்குங்கள்: நானும் சேரலாமா, அடுத்தது யார் முறை, எனக்கு அது பிடிக்கவில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும். கடைசி வாக்கியம் இல்லாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகள் உண்டு.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் யாரிடமும், கிசுகிசுப்பாகக்கூட, பேசாமல் முதல் மாதத்தைத் தாண்டியும் போகிறது, தலையாட்டிப் பதில் சொல்லவும் மறுக்கிறது, புரிந்த பிறகும் அப்படியே நீடிக்கிறது என்றால் அது பதற்றத்தால் வரும் மௌனமாக இருக்கலாம். பள்ளியின் ஆலோசகரையோ குழந்தை உளவியலாளரையோ பாருங்கள். காது, கண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இங்கே பள்ளிகளில் இங்கிலீஷோடு இன்னொரு மொழியும் உண்டு. பெரும்பாலும் ஆஃப்ரிகான்ஸ் அல்லது ஜூலு. "பாவம், இது வேறயா" என்று பெற்றோர் விலக்கு வாங்க ஓடுகிறார்கள். பள்ளியில் ஜூலு இருந்தால் சின்ன வகுப்பில் அவசரப்படாதீர்கள். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூலு புதுசு. உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கியவள் இல்லை. நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் எழுத்துகளைச் சொல்லிப்பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. காம்ப்ளெக்ஸ் வாசல் செக்யூரிட்டி அண்ணனிடம் "சவுபோனா" என்று வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்த்த பிள்ளை மறுநாள் தானே போய்ச் சொல்லும்.

கிரிக்கெட் ஆடத் தெரிந்த பையன் என்றால் இன்னும் சுலபம். கோடைப் பருவங்களான முதலாம், நான்காம் பருவத்தில் பள்ளிகளில் கிரிக்கெட் நடக்கும். பந்து வீசத் தெரிந்தவனிடம் யாரும் இலக்கணம் கேட்பதில்லை.

காலையில் வயிற்றுவலி

முதலில் மருத்துவர். அதைத் தாண்டினால் நாள்காட்டியில் குறியுங்கள். சனி, ஞாயிறு வலியில்லை, திங்கள் காலை அதிகம் என்றால் வயிறு சொல்வது பள்ளியைப் பற்றி. வலி நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும்; திட்டாதீர்கள். ஆனால் வீட்டில் நிறுத்திவைக்கவும் வேண்டாம். ஒரு நாள் நின்றால் மறுநாள் வலி கூடும்.

வாசலில் நின்று நீண்ட நேரம் தேற்றுவதும் உதவாது. ஓர் அணைப்பு, "ரெண்டு மணிக்கு இதே இடத்துல இருப்பேன்", கிளம்பிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே நில்லுங்கள். முதல் சில வாரம் வாசலில் எதிர்கொள்ள ஓர் ஆளை டீச்சரிடம் கேட்டு வாங்குங்கள். பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி போதும்.

காரணம் தெரிய, "ஸ்கூல் எப்படி இருந்தது" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். இடைவேளையில் எங்கே நின்றாய், வரிசையில் உன் பின்னால் யார், இன்று யாரை டீச்சர் கண்டித்தார் என்று துண்டுதுண்டாகக் கேளுங்கள். காரில், முகம் பாராமல் கேட்பது நல்லது. நம் ஊர்ப் பழக்கத்தில் தப்புக்கு அடி விழும் என்று சில பிள்ளைகள் பயந்துகொண்டிருக்கும். 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி இங்கே ஆசிரியர் அடிப்பது குற்றம். அதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கேலியோ அடியோ மற்ற பிள்ளைகளிடமிருந்து வருகிறது என்றால், தேதி, இடம், நடந்தது மூன்றையும் குறித்து வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அசையாவிட்டால் தலைமையாசிரியருக்கு. வாய்வார்த்தையாகச் சொன்னது காற்றோடு போய்விடும்.

ஜூன், ஜூலையில் வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நடு ஆண்டில் நுழையும் பிள்ளையை அரை வருஷம் கீழே போட்டால், "நான் ஃபெயிலா?" என்று மனசுக்குள் குமுறிக்கொண்டிருக்கும், வெளியே கேட்காது. ஒரு தாளில் இரண்டு ஊர்ப் பள்ளி ஆண்டையும் வரைந்து காட்டினால் ஐந்து நிமிஷத்தில் தீரும் வலி அது.

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது

உணவு பிடிக்கவில்லை என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். எங்கே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாததால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தே இடைவேளையைக் கழித்திருக்கலாம். சாப்பிட ஒரு துணையை டீச்சரிடம் கேளுங்கள். மற்றபடி கையில் பிடித்துக்கொண்டே ஓடக்கூடியதாகக் கொடுங்கள். பொடி தடவிய குட்டி இட்லி, சுருட்டிய சப்பாத்தி. சப்பாத்திச் சுருள் இங்கத்திய இந்தியப் பிள்ளைகள் டப்பாவிலும் இருக்கும், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். சாம்பார் சாதம் வீட்டுக்கு வந்தபின்.

பாட்டியிடம் பேசி முடித்ததும் "ஊருக்குப் போகலாம்" என்று அழுகை

அழைப்பின் நேரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு இங்கிருந்து மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, வருஷம் முழுக்க மாறாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏழரைக்கு அழைத்தால் அங்கே பதினொன்று. பாட்டி தூக்கக் கலக்கத்தில், பிள்ளை களைப்பில்; இரண்டு பக்கமும் அழுகைதான் வரும். மூன்றரை மணிக்கு அழையுங்கள். அங்கே ஏழு, விளக்கேற்றி முடிந்த நேரம். இங்கே வெறுமையாக இருக்கும் மதியத்தில் ஒரு பகுதியும் நிரம்பும்.

தாத்தா பாட்டியிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: "எப்போ வருவே கண்ணு", "நீ இல்லாம வீடே நல்லா இல்ல" இரண்டும் வேண்டாம். அன்பில் சொல்வதுதான், ஆனால் பிள்ளைக்கு அது பாரம். பதிலாக ஒரு வேலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினம் ஒரு விடுகதை, தொடர்கதையில் ஒரு துண்டு, இல்லை இருவரும் ஆளுக்கொரு பலகையில் பல்லாங்குழி. பேச்சு தீர்ந்தாலும் ஆட்டம் தொடரும்.

சீக்கிரம் போயிடலாம் என்று பொய் சொல்லாதீர்கள். போவது டிசம்பரில் என்றால் டிசம்பர் என்று சொல்லி நாள்காட்டியில் காட்டுங்கள். இந்த வருஷம் முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். ஒவ்வொரு வாரமும் ஏமாறுவதைவிட ஒருமுறை அழுது தீர்ப்பது மேல்.

ராத்திரி நம் படுக்கைக்கு வந்துவிடுகிறான்

புது வீட்டின் சத்தங்கள் பிள்ளைக்குப் பழகவில்லை. பகல் வெளிச்சத்தில் கையைப் பிடித்து வீட்டைச் சுற்றி வாருங்கள். இது அலாரம், இந்த விளக்கு இப்படி மினுக்கும். இது மின்வேலி, ஈரம் பட்டால் டிக் டிக் என்னும். அந்த வீட்டு நாய் பெயர் என்ன, கேட்டுவிட்டு வரலாம். விடிவதற்கு முன் யாரோ அலறுவது மாதிரி கேட்கிறதே, அது ஹடீடா; அரிவாள் மூக்கன் வகைப் பறவை, புல்வெளியில் புழு தேடும் சாது. காலையில் நேரில் காட்டினால் அன்றே பயம் போய்விடும். கோடையில் பிற்பகலில் திடீரென்று இடிமின்னல் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது, இடி தலைமேலேயே விழுவது போல இருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லிக்கொடுங்கள்.

பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் கொள்ளை, துப்பாக்கி என்று பேசுவதை நிறுத்துங்கள். பாதுகாப்பு விதிகளைக் கதவு, கேட், யாருக்குத் திறக்கக்கூடாது என்ற அளவில் சொன்னால் போதும். குளிர்காலத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் வறண்ட காற்றாக இருக்கும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பேரைப் பார்த்தா நம்மவங்க மாதிரி இருக்கு, ஏம்மா தமிழ் பேசலை?"

வகுப்பில் நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி என்று பெயர்கள் இருக்கும். உங்கள் பிள்ளை ஆசையோடு போய்த் தமிழில் பேச, அவர்கள் முழிக்க, இரண்டு பக்கமும் சங்கடம். வீட்டில் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் இப்படி வந்தார்கள், பெருந்தொகை தமிழர்கள். கரும்புத் தோட்டத்தில் தொடங்கி நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. வீட்டு மொழி இங்கிலீஷ் ஆனது, சாமியும் சடங்கும் மட்டும் விடாமல் நிலைத்துவிட்டன. அவர்கள் சொல்லும் தமிழ்ப் பெயர்களைத் திருத்துவதும் சிரிப்பதும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நம் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் பிள்ளைக்கு ஒரு லாபமும் இருக்கிறது. கோயிலில் அவன் புதியவன் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் மெல்ரோஸ் முருகன் கோயில், லெனேசியா கோயில்கள். டர்பனுக்கு மாறினால் உம்பிலோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப். தைப்பூசக் காவடியின்போது அழைத்துப் போனால், பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பாலும் திருநீறும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒரு தேவாரம் பாடத் தெரிந்தால் பாட்டிமார் விடமாட்டார்கள். வகுப்புத் தோழியின் குடும்பமும் அங்கே வரும்; திங்கட்கிழமை பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும்.

ஒரு புகாரும் இல்லை, ரொம்ப சமத்து

இதுதான் என்னைக் கவலைப்படுத்தும். அம்மா அப்பா படும் பாட்டைப் பார்த்து, தன் பாட்டைச் சொல்லாமல் இருக்கும் மூத்த பிள்ளைகள் இப்படி. பதின்வயதுப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். கேள்வி கேட்டுத் துளைக்காமல் உங்களுக்கு இங்கே என்ன பிடிக்கவில்லை என்பதை நீங்கள் முதலில் சொல்லுங்கள். "எனக்கும் ஆபீஸ்ல லஞ்சுக்கு யாரும் கூப்பிடல" என்று அப்பா சொன்னால் கதவு கொஞ்சம் திறக்கும்.

ஊர் மாறும் மாதம் உங்கள் கையில் இருந்தால், பெரிய பிள்ளைக்கு ஒன்று யோசியுங்கள். இங்கே தொடக்கப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்து, எட்டாம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளி தொடங்குகிறது. ஏழாம் வகுப்பின் நடுவில் நுழைவது மிகக் கடினம், எல்லாரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக இருப்பவர்கள். எட்டாம் வகுப்பு ஜனவரியில் நுழைந்தால் எல்லாருமே புதியவர்கள்.

தூக்கம், பசி, பிடித்த விளையாட்டு மூன்றிலும் நாட்டம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகிறேன் என்ற பேச்சு இவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் எண் 116, கட்டணமில்லை. பிள்ளையும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஊருக்குப் போய் வந்ததும் பழையபடி

எதிர்பார்த்ததுதான். டிசம்பர் விடுமுறையில் தாத்தா வீட்டுச் சுகத்தை அனுபவித்துவிட்டு, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் விமானத்திலிருந்து இறங்கினால் எந்தப் பிள்ளையும் சுருண்டுதான் போகும். ஒரு வாரம் முன்னதாகத் திரும்புங்கள். அந்த வாரத்திலேயே பழைய தோழனை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஊர்ப் பலகாரம் ஒரு டப்பா கையில் இருந்தால் அதுவே சாக்கு.

இன்னொன்று: பல பள்ளிகளில் ஜனவரியில் வகுப்புப் பிரிவுகளைக் கலைத்து மாற்றிப் போடுவார்கள். வருஷம் முழுக்கப் பாடுபட்டுப் பிடித்த ஒரே தோழி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. நான்காம் பருவம் தொடங்கியதுமே வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதி, இந்தப் பிள்ளையோடு ஒரே பிரிவில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பட்டியல் போட்ட பிறகு கேட்டால் மாற்ற மாட்டார்கள்.